யாருடைய திருத்தம் நிலைக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பலர் ஒரே நேரத்தில் திறந்து வைத்துத் திருத்தக்கூடிய இணையச் செயலிகள் பள்ளி, மருத்துவமனை, பத்திரிகை அலுவலகம் என எல்லா இடங்களுக்கும் வந்துவிட்டன. அவற்றைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் பாராட்டுகிறார்கள். அந்த வேகத்தைத் தரும் சிங்க் எஞ்சின்தான் (பல கணினிகளில் உள்ள பிரதிகளை ஒத்திசைக்கும் மென்பொருள் பகுதி), இருவர் ஒன்றையே திருத்தும்போது எவருடைய திருத்தம் நிலைக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தை அந்தந்தத் தொழிலை அறிந்தவர்கள் உட்கார்ந்து எடுப்பதில்லை; கைக்குக் கிடைத்த லைப்ரரி (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். இத்துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் இது குறித்து எழுத வேண்டியிருக்கிறது.

வேகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் கேபிளுக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். சென்னைக்கும் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் இடையே 13,000 கி.மீ.க்கு மேல் தூரம் இருப்பதால், கேபிளை நேர்க்கோட்டிலேயே போட்டிருந்தாலும், அங்குள்ள சர்வருக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப 130 மில்லிநொடிக்குக் குறையாது. நடைமுறையில் அது 200-ஐத் தாண்டும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வரும் பதிலைத்தான் மனிதர் உடனடியானது என்று உணர்கிறார்கள். எனவே ஒவ்வொரு சொடுக்குக்கும் தொலைவிலுள்ள சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் செயலியை எவ்வளவு திறமையாக எழுதினாலும் அது மந்தமாகத்தான் தோன்றும். லினியர் (குழுப் பணிகளைக் கண்காணிப்பது), ஃபிக்மா (திரை வடிவமைப்புக்கானது) போன்ற செயலிகள் மாற்றத்தை முதலில் பயனரின் கணினியில் உள்ள பிரதியிலேயே செய்து, அப்போதே திரையில் காட்டிவிட்டு, பின்னணியில் வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பின் வழியாகச் சர்வருக்கு அனுப்புகின்றன. இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்பதில்லை.

ஆனால் பிரதி ஒன்றுக்கு மேல் ஆனதும் அவை ஒன்றோடொன்று முரண்படுவதைத் தவிர்க்க முடியாது. இந்தச் சிக்கல் புதியதன்று. 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் செய்த மாற்றத்துக்கு ஏற்ப நகர்த்திப் பொருத்தும் முறையை முன்வைத்தது. ஒரு வரியின் தொடக்கத்தில் ஒருவர் ஆறு எழுத்துகளைச் சேர்க்கும் அதே நேரத்தில் இன்னொருவர் பத்தாம் எழுத்தை நீக்கினால், அந்த நீக்கம் பதினாறாம் எழுத்துக்கு நகர வேண்டும். கூகுள் டாக்ஸ் இந்த வழியில் வந்ததுதான். 2011-இல் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் ஷாபிரோவும் அவருடைய சகாக்களும் சிஆர்டிடி என்ற தரவு அமைப்புக்கு முறையான வரையறை தந்தார்கள். மாற்றங்கள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் எல்லாப் பிரதிகளும் முடிவில் ஒரே நிலையை அடையும் என்பது அதன் உறுதி.

எல்லாப் பிரதிகளும் ஒன்றாகிவிடும் என்ற உறுதியையே, எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதியாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அமேசான் 2007-இல் வெளியிட்ட டைனமோ என்ற தன் தரவுச் சேமிப்பு அமைப்பைப் பற்றிய கட்டுரையில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. வாடிக்கையாளர் வாங்கத் தேர்ந்த பொருள்களின் பட்டியலான கூடை இரு பிரதிகளாகப் பிரிந்துவிட்டால், இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அதனால் கூடையில் போட்ட பொருள் ஒருபோதும் தொலையாது. ஆனால் நீக்கிய பொருள் சில நேரம் மறுபடி வந்து நிற்கும். கடைக்காரருக்கு அது ஏற்புடைய முடிவு. அதே விதியை ஒரு நோயாளியின் மருந்துப் பட்டியலுக்கு வைத்தால், மருத்துவர் நிறுத்திய மாத்திரை பட்டியலில் திரும்பவும் ஏறிவிடும்.

ஃபிக்மா 2019-இல் தன் முறையை விளக்கியபோது வேறொரு முடிவைச் சொன்னது. ஒரு வடிவத்தின் நிறத்தை ஒருவரும் அதன் இடத்தை இன்னொருவரும் மாற்றினால் இரண்டும் நிலைக்கும். ஒரே பண்பை இருவரும் மாற்றினால், சர்வருக்குக் கடைசியாக வந்தது நிலைக்கும். ஒரு பெட்டிக்குள் இருக்கும் எழுத்துகளையும் ஒரே பண்பாகவே எடுத்துக்கொண்டதால், அதை ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால் ஒருவருடைய திருத்தம் போய்விடும். வடிவமைப்புக் கருவிக்கு அது போதும் என்று தெரிந்தே அப்படி வைத்தார்கள். இந்தத் தெளிவை நான் மதிக்கிறேன். இதையே ஒரு செய்தி அறையின் கட்டுரை திருத்தும் மென்பொருளில் வைத்தால், உதவி ஆசிரியர் ஒருவர் சரிசெய்த பத்தி முழுவதும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும்.

கவுச்டிபி என்ற தரவுத்தளம் முரண்பட்ட இரு பதிவுகளில் ஒன்றை வெற்றி பெற்றதாகக் காட்டினாலும், மற்றதை அழிக்காமல் வைத்திருக்கிறது. கென்யா, நேபாளம் போன்ற நாடுகளில் வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள், சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்து, திரும்பி வந்தபின் சர்வரோடு சேர்த்துக்கொள்வதற்கு இதன்மேல் கட்டிய கருவிகள் உதவுகின்றன. தோற்ற பதிவைத் தேடி எடுத்து, அதற்குரியவரிடம் காட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் செயலியை எழுதுபவருடையது. எழுதுபவர் அதைச் செய்யாவிட்டால், ஒரு குழந்தையின் எடைப் பதிவு யார் கண்ணிலும் படாமல் அடியில் கிடக்கும்.

இந்த விஷயத்தில் 1990-களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவான பேயூ என்ற அமைப்பை இன்றும் முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. கூட்ட அறையைப் பதிவு செய்யும் ஒருவர், அந்த நேரம் ஏற்கெனவே போயிருந்தால் எந்த மாற்று நேரம் தமக்குச் சம்மதம் என்பதையும் பதிவோடு சேர்த்தே அனுப்பலாம். பதிவு உறுதியாகும்வரை அது தற்காலிகமானது என்று திரையிலேயே தெரியும். முரண்பாட்டைத் தீர்க்கும் விதி இங்கே பயனரின் தேவையிலிருந்தே வந்தது.

தமிழ் வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘பா’ என்பது பகரமும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகள். ‘பு’ என்பதும் பகரமும் உகரக் குறியுமாக இரண்டு. கால்நடை வளர்ப்போர் சங்கம் ஒன்றின் ஆவணத்தில் ‘பல்’ என்று தவறாகத் தட்டச்சாகி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை ஒருவர் ‘பால்’ என்று திருத்துகிறார். அதே நொடியில் இன்னொருவர் ‘புல்’ என்று திருத்துகிறார். பரவலாகப் புழங்கும் சிஆர்டிடி லைப்ரரிகள் பெரும்பாலும் யூனிகோடு குறியீட்டையே அலகாகக் கொள்வதால், பகரத்துக்குப் பின் துணைக்காலையும் உகரக் குறியையும் அடுத்தடுத்து வைத்துவிடும். இரு கணினிகளிலும் ஒரே உருவம்தான் இருக்கும். ஆனால் அது தமிழ் எழுத்தே அன்று. பல எழுத்துருக்கள் அந்த இடத்தில் ஒரு புள்ளி வட்டத்தைக் காட்டும். ஆங்கிலத்தில் இதே மோதல் நடந்தால் பிழையான சொல் வரும். அதன் எழுத்துகளாவது முழுசாக இருக்கும், படிப்பவர் ஊகித்துக்கொள்ளலாம். இங்கே எழுத்தே உடைகிறது.

‘கொ’ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். ஒரு கருவி ஒரு வகையிலும் இன்னொரு கருவி மறுவகையிலும் சேமித்தால், எவரும் தொடாத வரியும் திருத்தப்பட்டதாகக் கணக்காகி, இல்லாத முரண்பாடு எழும். இதற்குத் தீர்வு கடினமானதன்று. உள்ளே வரும் எழுத்துகளை எல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மெய்யையும் அதன் குறியையும் பிரிக்காமல் ஒரு முழு எழுத்தாகவே கையாள வேண்டும். எழுத்துகளைப் பிரித்துத் தரும் வசதி இன்றைய பிரவுசர்களிலேயே இருக்கிறது. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்றவற்றுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். தமிழ் தெரிந்த பொறியாளர்கள் இவ்வளவு பேர் இத்துறையில் இருக்கும்போது, இதை வேறு எவரோ வந்து செய்து தரட்டும் என்று காத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பயனரின் கருவியில் உள்ள பிரதியை நிரந்தரமானது என்று நம்பிவிடவும் கூடாது. சஃபாரி பிரவுசரைப் பயன்படுத்திய நாட்கள் ஏழு கடந்தும் ஒரு தளத்தைத் தொடாமல் இருந்தால், அத்தளம் சேமித்த தரவு அழிக்கப்படலாம் என்ற ஏற்பாடு 2020-இல் வந்தது. சர்வருக்கு இன்னும் போய்ச் சேராத திருத்தங்கள் எத்தனை என்பது பயனருக்கு எப்போதும் தெரியும்படி இருக்க வேண்டும்.

பொதுப் பயன்பாட்டுக்கான செயலிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் துறைகள், எந்தப் பதிவில் மோதல் வந்தால் எவருடைய மாற்றம் நிலைக்கும், நிலைக்காத மாற்றம் எங்கே, எவருக்குக் காட்டப்படும் என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். பொறியியல் கல்லூரிகளின் தரவுத்தள ஆய்வகத்தில், ஒற்றைச் சர்வரில் செய்யும் பயிற்சிகளோடு, பிரிந்த இரு பிரதிகளை ஒன்றுசேர்க்கும் பயிற்சி ஒன்றையாவது சேர்க்க வேண்டும். செயலியை ஏற்றுக்கொள்ளும் முன், இரண்டு கைபேசிகளை ஏரோப்ளேன் மோடில் வைத்து, ஒரே பதிவின் ஒரே தமிழ்ச் சொல்லை இரண்டிலும் வெவ்வேறாகத் திருத்தி, பிறகு இணைப்பைத் திறந்து என்ன வருகிறது என்று, அந்தப் பதிவை அன்றாடம் கையாளும் ஊழியரை அருகில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.