எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வரும் பெண்களுக்கு வெள்ளைப்படுதல் பரிசோதனையும் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆய்வக நுட்பநர்,
அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரத் துறை.

பொருள்: பாக்டீரியல் வெஜைனோசிஸ் (பெண்ணுறுப்பில் பாக்டீரியா சமநிலை குலைவது) பரிசோதனை, சிகிச்சை வசதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எங்கள் மையத்துக்கு வரும் பெண்ணுக்கு 'நெகட்டிவ்' என்று வந்தால், ஆணுறையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறோம். எழுந்து வாசல்வரை போய்விட்டு, "வெள்ளைப்படுது, ஒரு மாதிரி வாடை வருது" என்று தயங்கிச் சொல்பவர்கள் உண்டு. மகளிர் பிரிவுக்குப் போகச் சொல்கிறோம். அங்கே வரிசையில், எல்லார் காதிலும் விழ இதைச் சொல்ல எத்தனை பேர் போவார்கள்?

பெண்ணுறுப்பில் இயல்பாக இருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா, லாக்டிக் அமிலம் சுரந்து அங்கே பி.எச். அளவை 4.5-க்குக் கீழே, அதாவது அமிலமாக, வைத்திருக்கும். லாக்டோபேசில்லஸ் குறைந்து கார்ட்னரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகினால் அமிலத்தன்மை போய்விடும்; இதுதான் பாக்டீரியல் வெஜைனோசிஸ். உட்சவ்வு பலவீனப்பட்டு, அழற்சியால் சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே திரளும். எச்.ஐ.வி. தேடிவந்து பிடிப்பதும் அதே செல்களைத்தான். 2008-இல் வந்த தொகுப்பாய்வின்படி, இந்தச் சீர்குலைவு உள்ள பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இது இருந்தால், துணைவருக்குப் பரவும் அபாயம் மூன்று மடங்குக்கும் மேல் என்று 7 ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதைச் சரிசெய்தாலே எச்.ஐ.வி. குறையும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அப்படி நான் வாதாடவும் இல்லை. ஆனால் அபாயம் கூடிய பெண் நம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது கேட்காமல் அனுப்புவது சரியல்ல.

செலவும் பெரிதில்லை. பஞ்சுக்குச்சியில் மாதிரியை அவரே மறைவில் எடுத்துத் தரலாம். பி.எச். தாள், ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (நோய் இருந்தால், விட்டதும் மீன் கவிச்சி கிளம்பும்), ஒரு ஸ்லைடு, இவ்வளவுதான். இந்த நோயின் அடையாளமான, ஓரமே தெரியாதபடி பாக்டீரியா மொய்த்த செல்லை மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. பாதிப் பேருக்கு அறிகுறியே இருக்காது என்பதால், சொன்னவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல் விரும்பும் எல்லாப் பெண்களுக்கும் செய்ய ஆணையிட வேண்டுகிறேன்.

இதற்கான மருந்தான மெட்ரோனிடசோல் 7 நாளைக்கும் சேர்த்து அன்றே கையில் கிடைக்க வேண்டும். மூன்று நாளுக்குக் கொடுத்து 'மீதிக்கு அப்புறம் வாங்க' என்றால் வரமாட்டார்கள். திரும்பத் திரும்ப வருகிற நோய் இது. துணைவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தபோது, 12 வாரத்துக்குள் திரும்பியது 63-லிருந்து 35 சதவீதமாகக் குறைந்ததாக 2025-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வெளியானது. அதையும் சிகிச்சை நெறிமுறையில் சேர்க்கப் பரிசீலிக்க வேண்டும்.

ஆலோசகர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் தேவை. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது நிலைமையை மோசமாக்கும் என்பதைச் சொல்லித்தர வேண்டும். இந்த முடிவை வைத்து எந்தப் பெண்ணின் நடத்தையையும் எடைபோடக் கூடாது என்பதை எழுத்திலேயே தரவேண்டும்.

முதலில் ஒரு மையத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்க்க அனுமதித்தாலும் போதும். ஸ்லைடு பார்க்கும் வேலையை நானே ஏற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வக நுட்பநர்