டியூப்லைட்டை வளைக்க முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சிற்பி கிரிஸ்ஸாவுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் 'டைம்ஸ் சதுக்கத்தின் வாயில்கள்' என்ற அவரது சிற்பத்தின் படத்துக்குக் கீழே 'டியூப்லைட்டுகளை வளைத்துச் செய்தது' என்று போட்டிருக்கிறீர்கள். டியூப்லைட்டை வளைக்கும் வித்தையைத் தங்கள் உதவியாசிரியர் எங்களுக்கும் சொல்லித் தரலாமே!

டியூப்லைட் ஆலையிலிருந்தே வாயு அடைத்து, உள்ளே வெள்ளைப் பூச்சு பூசி, நேராக வருவது. தீயில் காட்டினால் வெடிக்கும். அந்தச் சிற்பத்தில் இருப்பது விளம்பரப் பலகைகளில் ஒளிரும் நியான் குழாய். நியான் வேலை காலிக் கண்ணாடிக் குழாயில் தொடங்குகிறது. எழுத்தை இடவலம் மாற்றி வரைந்துகொண்டு, குழாயை பர்னரில் இளக்கி வளைக்க வேண்டும். வளைக்கும்போதே ரப்பர் குழாய் வழியாக வாயால் ஊத வேண்டும். ஊதுவது குறைந்தால் வளைவு சப்பிப் போகும். மிஞ்சினால் கண்ணாடி மெலிந்து பிறகு விரிசல் விடும். அடுத்து, இரு முனைகளிலும் மின்வாய் பொருத்தி, காற்றை உறிஞ்சி, உயர் மின்சாரம் பாய்ச்சிக் குழாயை 200 டிகிரிக்கு மேல் சுட வைப்பார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரமும் அழுக்கும் அப்போதுதான் வெளியேறும். இதில் அவசரப்பட்டால் சில மாதங்களில் ஒளி மங்கி முனைகள் கறுக்கும். குழாயில் அடைக்கும் நியான் வாயு தருவது செம்மஞ்சள் மட்டுமே. நீலம் வேண்டுமென்றால் ஆர்கான் வாயுவோடு ஒரு சொட்டுப் பாதரசம். குளிரில் அந்தப் பாதரசம் படிந்துவிட்டால் ஒளி சோர்ந்துவிடும். இவ்வளவு பாடும் தங்களுக்கு 'டியூப்லைட்'!

இதே இணைப்பில் முன்பொரு முறை ஒளியால் கலை செய்த அமெரிக்கர் டான் ஃபிளேவினின் படைப்புப் படத்துக்கு 'நியான்' என்று போட்டீர்கள். கடையில் விற்கும் டியூப்லைட்டை அப்படியே மாட்டியவர் அவர்தான். இருவருக்கும் பெயரை மாற்றி வைத்திருக்கிறீர்கள்.

கட்டுரையில் கிரிஸ்ஸா வெறும் 'அமெரிக்கப் பெண்மணி'. 1933-இல் ஏதென்சில் பிறந்து, பாரிசில் படித்து, பிறகு அமெரிக்காவில் குடியேறியவர். 2013-இல் கண்மூடியதும் ஏதென்சில்தான். நியானைத் தொடுமுன்பே அட்டைப்பெட்டிகளின் அடிப்பாகத்தை அச்சாக வைத்து பிளாஸ்டரில் 'சைக்ளாடிக் புத்தகங்கள்' வார்த்தவர். ஈஜியன் தீவுகளின் பழைய பளிங்குச் சிலைகளின் வெறுமையான முகம் அவற்றில் தெரியும். அதற்கு ஒரு வரிகூட இல்லை. 1961-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக்கண்காட்சி நடந்ததைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. விளம்பரப் பலகையைக் கண்டு மயங்கியவர் என்று எழுத மட்டும் இடம் இருந்திருக்கிறது.

அந்த 'வாயில்கள்' 1964 முதல் 1966 வரை இழுத்த வேலை. எஃகு, வார்ப்பு அலுமினியம், பிளெக்சிகிளாஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், நியான். எப்பக்கம் அளந்தாலும் ஏறத்தாழ 10 அடி. இப்போது பஃபலோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

அடுத்த ஞாயிறு, திருத்தமாக ஒரே ஒரு வரி போதும்: 'டியூப்லைட்' அல்ல, 'நியான் குழாய்'.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை