நோயாளி இருக்கும் வீட்டில்தான் ஊசி அவசியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் ஒரு பேச்சு உலவுகிறது. தட்டம்மை ஊசியில் உயிருள்ள வைரஸ் இருக்கிறதாம். வீட்டில் யாராவது புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தால் பிள்ளைகளுக்கு அதைப் போடவே கூடாதாம்.

முன்பாதி உண்மை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ்தான். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும் கீமோதெரப்பி பெறுகிறவர்களுக்கும் அதைப் போடுவதில்லை. ஆனால் ஊசி போட்ட பிள்ளையிடமிருந்து அந்தத் தட்டம்மை வைரஸ் வீட்டாருக்குத் தொற்றுவதில்லை. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம். பாட்டிமார் வாசலில் வேப்பிலை செருகினால் செருகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நோயாளிக்கு ஊசி போட வழியில்லாததால் கூட இருப்பவர்கள்தாம் போட்டுக்கொண்டாக வேண்டும். போடாத பிள்ளை பள்ளியிலிருந்து நிஜத் தட்டம்மையைக் கொண்டுவந்தால் அந்த நோயாளி தாங்கமாட்டார். சின்னம்மை ஊசியில் மட்டும் சிறு எச்சரிக்கை உண்டு: போட்டபின் கொப்புளம் கண்டால், அது ஆறும்வரை பிள்ளை நோயாளியின் அருகே போகக் கூடாது.

வாட்ஸ்அப்பில் மலேசியாவின் சபா மாநிலக் கதையையும் சேர்த்து அனுப்புகிறார்கள். 2019 டிசம்பரில் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ கண்டது. 1992க்குப் பிறகு நாட்டில் அதுவே முதல். அந்தக் கிருமி போலியோ சொட்டு மருந்தில் இருக்கும் வீரியம் குறைத்த வைரஸ் மாறி வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வைரஸ் அப்படி மாற வேண்டுமானால், தடுப்பு மருந்து பெறாத பிள்ளைகள் நிறைந்த இடத்தில் மலம் வழியாக நெடுநாள் பரவியிருக்க வேண்டும். நோயை அடக்க அங்கே கொடுத்ததும் சொட்டு மருந்துதான். நாட்டில் வழக்கமாகப் பிள்ளைகளுக்குப் போடுவதோ செயலிழக்கச் செய்த வைரஸ் ஊசி. அந்த ஊசியால் யாருக்கும் போலியோ வராது.

எம்எம்ஆர் 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படுகிறது. தட்டம்மை பரவாதிருக்க நூற்றில் 95 பேராவது இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று தள்ளிப்போடும் தாய்மார்களை நான் குறை சொல்லமாட்டேன். தோட்ட நிர்வாகங்கள் அந்த அரை நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் விடலாம். லயத்தில் குடியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் ஊசி கிடைக்க வழி செய்ய வேண்டும். நம் பிள்ளைகள் அவர்களோடுதான் விளையாடுகிறார்கள். வீட்டில் சிகிச்சை பெறுபவர் இருந்தால் அதைக் கிளினிக் தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த ஊசி, எப்போது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேரா.