இப்போதைக்குத் திருப்ப வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அன்றைக்குப் போனில் அவசர அவசரமாகக் கேட்டாய். "அம்மா, உன் பேரனுக்கு ஒன்றரை வயசு ஆச்சு, பழைய கார் சீட் பத்தலை. அடுத்த சீட்டை முன்பக்கம் பார்த்த மாதிரியே வாங்கிடலாமா?" யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதைப் போனில் சொன்னால் பாதி உன் காதில் விழும், மீதியை அவன் அழுகை கொண்டுபோய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் தூங்கியதும் படி.

என் பதில் இதுதான்: இப்போதைக்கு அவனைத் திருப்ப வேண்டாம். புது சீட் வாங்கு, ஆனால் பின்னோக்கி உட்கார வைக்கிற சீட்டாக வாங்கு. அதிலும் அவன் நாலு வயது வரைக்கும் உட்காரக்கூடியதாகப் பார்.

உன் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்று சின்ன வயதில் பலமுறை கேட்டிருக்கிறாய். கீழே விழுந்துவிட்டாய் என்றே சொல்லி வந்தேன். நீ விழவில்லை. அப்போது உனக்கும் கிட்டத்தட்ட இவன் வயதுதான். காரில் முன்சீட்டில் என் மடியில் இருந்தாய். உன் வயிற்றைச் சுற்றி இரண்டு கையையும் கோத்துப் பிடித்திருந்தேன். வண்டி முப்பதைக்கூடத் தொட்டிருக்காது. குறுக்கே ஏதோ ஓடியது, உன் அப்பா பிரேக்கை அழுத்தினார், அவ்வளவுதான். கோத்த விரல்கள் பிரிந்ததே எனக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி நீ டேஷ்போர்டில் இருந்தாய். வண்டி எதிலும் மோதவில்லை, வெறும் பிரேக்தான். அன்று கையில் பிசுபிசுத்த ரத்தத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. பெற்ற கை விடாது என்று நம்பியிருந்தேன். விட்டுவிட்டது.

பிற்பாடுதான் கணக்கைத் தெரிந்துகொண்டேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு சுவரில் மோதுவதும், ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதும் ஒன்றுதான். மூன்று மாடி. அந்த மோதலில் உடம்பு தன் எடையைப்போல 20, 30 மடங்கு கனக்கும். பேரன் இப்போது 11 கிலோ. அந்தக் கணத்தில் அவன் 200, 300 கிலோ. யாருடைய கைக்கும் அந்தப் பலம் கிடையாது. அதனால் மடி என்ற பேச்சே வேண்டாம். பக்கத்துத் தெருவுக்குத்தான் என்றாலும் வேண்டாம்.

சரி, சீட்டில் உட்கார வைத்தாயிற்று. எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் என்ன என்கிறாய். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

குளிப்பாட்டும்போது அவன் தலையை உன் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்திருப்பாய். உடம்புக்கு அது எவ்வளவு பெரிய தலை! பிறந்த குழந்தைக்கு உடம்பின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான். பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்கு. ஒன்றரை வயதில் இன்னும் அந்தப் பெரிய தலைதான், கழுத்தோ குச்சி. அந்தக் கழுத்துக்குள் இருக்கிற முள்ளெலும்புகள்கூட இன்னும் முழு எலும்பு ஆகவில்லை. நடுநடுவே குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை இறுகி ஒன்றுசேர இன்னும் சில வருடங்கள் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. ஓடுகிறான், சோபாவில் ஏறிக் குதிக்கிறான், வளர்ந்துவிட்டான் என்று தோன்றும். கழுத்து எலும்புக்கு அந்த அவசரம் கிடையாது.

முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டி நேராக மோதினால், பட்டை அவன் நெஞ்சையும் தோளையும் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அந்தக் கனமான தலை முன்னால் பாயும், இழுப்பு முழுவதும் கழுத்தில் இறங்கும். பின்பக்கம் பார்த்திருந்தால் அதே மோதலில் அவன் சீட்டின் முதுகுக்குள் அமுங்குவான். தலை, கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து ஒரே பரப்பில் சாயும். விசை ஓரிடத்தில் குவியாமல் முதுகு முழுக்கப் பரவிவிடும். கிரிக்கெட் பந்தை ஒரே விரலில் வாங்குவதற்கும் உள்ளங்கை முழுவதும் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த யோசனை வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1960-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர், அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் போகிறவர்கள் எப்படிப் படுக்கிறார்கள் என்று கவனித்தார். ராக்கெட் கிளம்பும்போது வருகிற விசையை முதுகால் தாங்கும்படி அவர்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். திடகாத்திரமான ஆண்களுக்கே முதுகுதான் தாங்கல் என்றால் குழந்தைக்கு? அங்கேயிருந்து பிறந்ததுதான் பின்னோக்கிய சீட். 1964-ல் ஒரு வால்வோ காரில் வைத்து முதல் மாதிரியைச் சோதித்தார்கள். ஸ்வீடனில் இன்றைக்கும் நாலு வயது வரை குழந்தைகள் பின்பக்கம் பார்த்துப் போவது சர்வசாதாரணம். அங்கே யாரும் இதை ஒரு தியாகமாக நினைப்பதில்லை.

மற்ற இடங்களிலும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம்தான் நகர்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-ல் குறைந்தது 2 வயது வரை என்றது. 2018-ல் அந்த வயதையே எடுத்துவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பைத் தொடும்வரை முடிந்தவரை பின்னோக்கியே வையுங்கள் என்று மாற்றியது. ஐரோப்பாவில் ஐ-சைஸ் என்கிற ஆர்129 விதி 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது என்கிறது. இந்த 15 மாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். அது குறைந்தபட்சம், கண்ணு. அந்த நாள் வந்ததும் திருப்பியாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

உன் மாமியார் அவன் கால் மடங்கிக் கிடப்பதைப் பார்த்து வருத்தப்பட்டார்களாம். பாசத்தில் சொல்கிறார்கள், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அவன் வீட்டில் தரையில் எப்படி உட்காருகிறான் என்று பார். சம்மணம் போடுகிறான், தவளை மாதிரி மடித்து உட்காருகிறான், காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு படுக்கிறான். அந்த இடுப்புக்கும் முட்டிக்கும் மடங்கி இருப்பது வலியே இல்லை. நமக்கு வலிக்கும் என்பதால் அவனுக்கும் வலிக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். விபத்தில் கால் ஒடியுமே என்று கேட்டால், முன்பக்கம் பார்த்த குழந்தைக்குத்தான் கால் வீசி எறியப்பட்டு முன்சீட்டில் இடிக்கிறது. எப்படியும் கால் எலும்பு கூடிவிடும், கழுத்தை அப்படிச் சொல்ல முடியாது. மாமியாரிடம் இதை நீ சொல்லத் தயங்கினால் நானே பேசுகிறேன்.

இனி வாங்குகிற விஷயம். விலை உயர்ந்தது எது, எந்த வண்ணம் என்பதெல்லாம் கடைசி. முதலில் அட்டையில் பின்னோக்கிய நிலைக்கு என்ன வரம்பு போட்டிருக்கிறது என்று மட்டும் பார். முன்னோக்கிய நிலைக்கு வேறு எண் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதில் ஏமாந்துவிடாதே. சிலவற்றில் பின்னோக்கி 13 கிலோவோடு முடிந்துவிடும். அவன் 11 கிலோவில் நிற்கிறான், அது நாலு வயது வரைக்கும் வராது. 18 கிலோ, 105 சென்டிமீட்டர் வரை போகிறவை நிறைய இருக்கின்றன. 22, 23 கிலோ வரை தாங்குகிறவையும் உண்டு. எடைக்கு முன்னால் உயரம்தான் பெரும்பாலும் முட்டும். எனவே சீட்டின் முதுகு எவ்வளவு உயரம் என்று கவனி. அவன் உச்சந்தலை அந்த முதுகின் உயரத்துக்குள் அடங்க வேண்டும். பல சீட்களில் மேல் விளிம்புக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும். ஸ்வீடனில் பிளஸ் டெஸ்ட் என்று கழுத்தில் விழுகிற விசையைத் தனியாக அளக்கிற சோதனை ஒன்று உண்டு. அதில் தேறிய சீட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள். கிடைக்காவிட்டாலும் கவலைப்படாதே.

ஏனென்றால் அதைவிடப் பெரிய கேள்வி அந்தச் சீட் உங்கள் வண்டியில் உட்காருகிறதா என்பதுதான். வாங்குவதற்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போய், வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு. பின்னோக்கிய சீட் நீளவாக்கில் இடம் பிடிக்கும். மாப்பிள்ளை உயரமானவர், முன்சீட்டைப் பின்னால் தள்ளித்தான் ஓட்டுவார். அவர் உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்குப் பின்னால் வைக்காமல் மறுபக்கம் வைத்தால் சரியாகிவிடும். ஐசோஃபிக்ஸ் கொக்கி, அதாவது குழந்தை சீட்டை மாட்ட வண்டியிலேயே பதித்திருக்கிற கொக்கி, உங்கள் வண்டியில் இருந்தால் பொருத்துவது சுலபம், தப்பு நடக்கவும் வாய்ப்புக் குறைவு. தரையில் ஊன்றுகிற கால் உள்ள சீட் என்றால், அந்த இடத்தில் தரைக்கு அடியில் சாமான் வைக்கிற பெட்டி இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டைப் பார். இருந்தால் கால் அதன் மேல் ஊன்றக்கூடாது என்று பல கார்களில் சொல்லியிருப்பார்கள். அடிக்கடி வேறு வண்டியில் போவீர்கள் என்றால் சீட் பெல்ட்டால் கட்டுகிற வகை நல்லது. ஒழுங்காகக் கட்டினால் அதுவும் பாதுகாப்பில் குறைந்தது இல்லை. எதில் கட்டினாலும், பெல்ட்டோ கொக்கியோ போகிற இடத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது.

உனக்கு இடுப்பு வலி இருப்பதால் சுழல்கிற சீட்டைப் பார்க்கலாம். கதவுப் பக்கம் திருப்பி உட்கார வைத்துவிட்டு மறுபடி பின்னோக்கித் திருப்பிவிடலாம். ஒரே பயம், அவன் அழுகிற ஒரு நாளில் கை தானாக முன்பக்கம் திருப்பிவிடும். திருப்ப மாட்டேன் என்ற உறுதி உனக்கு இருந்தால் வாங்கு.

உன் தோழி தன் பையனின் பழைய சீட்டைத் தருகிறேன் என்றாள் இல்லையா? அது ஒரு விபத்தில்கூடப் படவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், காலாவதித் தேதி தாண்டாமல் இருந்தால், கையேடும் எல்லாப் பாகமும் இருந்தால் வாங்கிக்கொள். இதில் ஒன்று குறைந்தாலும் நன்றி சொல்லி மறுத்துவிடு. பிளாஸ்டிக்கில் விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், முன்சீட்டில் ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருக்கும்போது பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது. உப்பி வரும் பை நேராகச் சீட்டின் முதுகில், அவன் தலைக்குப் பின்னால் அறையும். பின்சீட்டிலேயே வை.

சீட்டை விட எனக்குப் பட்டைதான் கவலை. போன முறை வந்திருந்தபோது நீ அவனைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்த ஜாக்கெட்டோடு உட்கார வைத்து, அதற்கு மேல் பட்டையை இழுத்தாய். 'கிளிக்' என்று கேட்டது, கதவைச் சாத்திவிட்டாய். நான் சந்தேகப்பட்டு ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அதே பட்டையை மாட்டினேன். என் நாலு விரலும் உள்ளே போயின, அவன் தோளை நெளித்து ஒரு கையை வெளியே எடுத்துவிட்டான். அவ்வளவு தொளதொளப்பையும் அந்த ஜாக்கெட் மறைத்திருந்தது. மோதும்போது அது அமுங்கிவிடும், அவன் பட்டைக்குள்ளிருந்து மேலே நழுவுவான். அதனால் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டு, குளிர்ந்தால் கட்டிய பிறகு மேலே போர்த்திவிடு. பின்னோக்கி உட்காரும்போது தோளில் போடுகிற பட்டை அவன் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். இழுத்து இறுக்கியபின் காறை எலும்புக்குப் பக்கத்தில் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார். மடிப்பு கைக்கு வந்தால் இன்னும் தளர்வு இருக்கிறது.

அழுவான், அது எனக்குத் தெரியும். புது சீட்டில் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைக்கலாம், கையேடு அந்த வயதுக்கு எவ்வளவு சாய்வு சொல்கிறதோ அவ்வளவுக்குள். ஜன்னல் தெரிந்தாலே பாதி அழுகை நின்றுவிடும். மீதிக்கு நீ பாடு. நீ பாடினால் அவன் நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

சீட் வந்ததும் வீடியோவில் கூப்பிடு. அவனை உட்கார வைத்துக் கட்டிவிட்டு, தோளுக்குப் பக்கத்தில் பட்டையைக் கிள்ளி எனக்குக் காட்டு. அந்தத் தழும்பு உள்ள முகத்தையும் கொஞ்சம் காட்டு, பார்த்து ஒரு மாதம் ஆகிறது.

அன்புடன்,
அம்மா