இரண்டு ஃபர்ம்வேரையும் கொடுங்கள்: மியூசிக் பிளேயர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிஜிட்டல் மியூசிக் பிளேயர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். கையில் போன் இருந்தும் பாட்டுக்கென்றே தனியாக ஒரு கருவி வாங்குகிறவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நீங்கள் விற்கும் பிளேயர் ஒவ்வொன்றுக்கும் சாதாரணப் பயனருக்கான ஃபர்ம்வேரோடு (கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்), உள்ளே புகுந்து மாற்ற இடம் தரும் டெவலப்பர் ஃபர்ம்வேரையும் வெளியிடுங்கள். எதைப் போடுவது என்பதைக் காசு கொடுத்து வாங்கியவர் முடிவு செய்யட்டும்.

இது ஏற்கெனவே நடந்த காரியம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எம்பெக் என்ற சின்ன நிறுவனம் 1999-ல் காருக்கான பிளேயர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஸ்ட்ராங்ஆர்ம் என்ற ப்ராசஸர் சிப், லேப்டாப் ஹார்ட் டிஸ்க், லினக்ஸ் இயங்குதளம். அடுத்த ஆண்டு சோனிக்புளூ அந்த நிறுவனத்தை வாங்கி, ரியோ கார் என்ற பெயரில் அதே பிளேயரை விற்றது. அதன் மென்பொருள் கன்ஸ்யூமர், டெவலப்பர் என்று இரண்டு வகையாகக் கிடைத்தது. பாட்டை ஓட்டும் நிரல் இரண்டிலும் ஒன்றேதான். ஒலியில் எந்த வித்தியாசமும் கிடையாது. டெவலப்பர் வகையைப் போட்டவர் சீரியல் கேபிளால் கணினியோடு இணைத்து, பிளேயர் நிரலை நிறுத்திவிட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் லினக்ஸ் ஷெல்லுக்குள் நேராகப் போகலாம். கன்ஸ்யூமர் வகையில் அந்த ஷெல் இல்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் டெவலப்பர் வகையைத்தான் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காரில் சாவியைத் திருப்பினால் எந்த நொடியிலும் மின்சாரம் நின்றுவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் டிஸ்க்கில் உள்ளவை கெடலாம். அதனால் எம்பெக்கில் டிஸ்க்கைப் படிக்க மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். ஷெல்லில் புகுந்தவர் எழுதுவதற்குத் திறந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மூட வேண்டும். புதிய பதிப்பை ஏற்றும்போது பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் லினக்ஸ் இருக்கும் ரூட் பகுதியில் நாம் சேர்த்து வைத்ததெல்லாம் அழிந்துபோகும். இந்தக் கவலை வேண்டாதவர், வண்டியில் ஏறியதும் பாட்டு வந்தால் போதும் என்பவர், கன்ஸ்யூமர் வகையோடு நிம்மதியாக இருக்கலாம். நானே பலருக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

ஆனால் கதவு திறந்திருந்ததால் என்ன நடந்தது என்று பாருங்கள். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. ஹைஜாக் என்ற மாற்றுக் கெர்னலைப் பயனர்களில் ஒருவரே எழுதினார். ஃபைல்களை எடுக்கவும் வைக்கவும் எஃப்டிபி சர்வர், பிரவுசரில் பார்க்க வெப் சர்வர் எல்லாம் அதற்குள்ளேயே வந்தன. சோனிக்புளூ 2003-ல் திவாலானது. அதற்குப் பிறகும் இந்தப் பிளேயர்களை ஆட்கள் பழுதுபார்த்து, டிஸ்க்கை மாற்றி ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நிறுவனம் போன பிறகு கருவி பிழைக்க வழி இருந்தது.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. 2006-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஐபாட் நானோவில் ஆப்பிள் ஃபர்ம்வேரையே குறியாக்கம் செய்து பூட்டியது. ராக்பாக்ஸ் போன்ற, யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல ஃபர்ம்வேரை எழுதுகிறவர்களுக்கு அது பெரிய தடை. 2001-ல் ஆர்கோஸ் பிளேயருக்காகத் தொடங்கிய அந்த ராக்பாக்ஸ்தான் மெனுவையும் ஃபைல் பெயரையும் வாய்விட்டுச் சொல்லும் வசதியைப் பல பிளேயர்களுக்குக் கொண்டுவந்தது. கண் தெரியாதவர் ஒருவர் யார் துணையுமில்லாமல் தனக்குப் பிடித்த ஆல்பத்தைத் தேடிப் போட அதனால் முடிந்தது. இதைவிட நல்ல காரணம் ஒன்று வேண்டுமா?

என் சொந்தக் குறை ஒன்றும் உண்டு. என்னிடம் உள்ள சின்ன பிளேயரில் தமிழ்ப் பாட்டுப் பெயர்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரிகின்றன. எழுத்துரு சேர்க்க வழியில்லை. தயாரித்தவர்களுக்கு எழுதியும் பதில் வரவில்லை. தமிழ் அவர்களுக்குச் சின்னச் சந்தையாக இருக்கலாம், சரி. அப்படியென்றால் எங்களையாவது செய்துகொள்ள விடுங்கள்.

உங்கள் தயக்கம் புரிகிறது. யாராவது கெடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் வந்து நிற்பார்கள் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு, கன்ஸ்யூமர் வகையையே போட்டு விற்பனைக்கு அனுப்புங்கள். டெவலப்பர் வகையை ஏற்றும் முன் திரையில் தெளிவாக எச்சரியுங்கள். எது கெட்டாலும் யூஎஸ்பி வழியாகப் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரெகவரி வழி வையுங்கள். மென்பொருளை மாற்றினார் என்பதற்காக, தேய்ந்துபோன ஹெட்போன் ஜாக்குக்கு வாரன்ட்டி இல்லை என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று, மூலநிரலைக் கொடுப்பது சலுகையல்ல, கடமை. உங்களில் பலர் லினக்ஸ் கெர்னல் மீதுதான் பிளேயரைக் கட்டுகிறீர்கள். ஆண்ட்ராய்டு பிளேயர் என்றாலும் அடியில் இருப்பது அதுதான். அதன் ஜிபிஎல் என்ற திறமூல உரிமப்படி, நீங்கள் மாற்றிய கெர்னலின் மூலநிரலை வாங்கியவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்காமல், ஒவ்வொரு பதிப்போடும் சேர்த்தே வெளியிடுங்கள்.

அப்புறம், ஒரு மாடலுக்கு இனி அப்டேட் இல்லை என்று முடிவு செய்யும் நாளில், பூட்லோடர் (ஆன் செய்ததும் முதலில் ஓடி ஃபர்ம்வேரை ஏற்றும் நிரல்) பூட்டைத் திறந்துவிடும் கடைசி டெவலப்பர் ஃபர்ம்வேர் ஒன்றை உங்கள் தளத்தில் போட்டுவிட்டு விலகுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிளேயர்களில் பாட்டு கேட்கும் ஒருவன்