பெற்றோருக்கு அதிபரின் தவணை இறுதிக் கடிதம்: பல்லூடக மாணவர்களும் பென்ட்ரைவ்களும்

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். இத்தவணை நல்லபடியாக நிறைவுறுகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்த் தினப் போட்டி, சிரமதானம் எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்குபற்றினார்கள். வெற்றி பெற்றவர்களுக்கும் பயிற்றுவித்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். முன்னேற்ற அறிக்கைகளை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இனி, தரம் 12 பல்லூடக வடிவமைப்பு மாணவர்களின் பெற்றோரிடம் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்த தவணையில் இவர்களுடைய இறுதிச் செயற்றிட்டம் ஆரம்பமாகிறது. மட்டக்களப்பின் மரபுவழிக் கூத்தின் இரு வகைகளான வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் ஆட்டத்தையும் தாளக்கட்டையும் உடைகளையும் படம், ஒலி, காணொளி சேர்த்து, பார்ப்பவர் திரையைத் தொட்டுத் தெரிவுசெய்து அறியும்படி அமைக்கப் போகிறார்கள். அருமையான தெரிவு. ஆனால் களரியில் (கூத்து ஆடும் அரங்கில்) ஒருமுறை ஆடியதை, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் திரும்ப ஆடிக்காட்டுங்கள் என்று கேட்க முடியாது. அந்தப் பதிவு தொலைந்தால் தொலைந்ததுதான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இத்தவணை ஒப்படைகளில் கணிசமானவை பாடசாலைக் கணினியில் திறக்கவில்லை. பிள்ளைகள் வேலை செய்யாமல் விடவில்லை. வேலை இருந்த பென்ட்ரைவில்தான் பிழை.

முதலாவது பிரச்சினை போலிப் பென்ட்ரைவ். மலிவு விலையில் 1 டெராபைட், 2 டெராபைட் என்று விற்கப்படுபவற்றுள் பலவற்றின் உண்மையான கொள்ளளவு மிகக் குறைவு. உள்ளிருக்கும் மின்னணுச் சிப் கணினிக்குப் பொய்யான அளவைக் காட்டும். உண்மையான இடம் நிரம்பிய பிறகும் கோப்பின் பெயர் பதியும், உள்ளடக்கம் பதியாது. அடுத்த நாள் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் வராது. ஆகவே உத்தரவாதத்துடன், பற்றுச்சீட்டுப் பெற்று, 32 ஜிகாபைட் பென்ட்ரைவ் இரண்டு வாங்குங்கள். கணினியில் 29 ஜிகாபைட் அளவு என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். புதிதாக வாங்கியதை வெறுமையாகவே கொண்டுவரட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் நிரப்பி, திரும்ப வாசித்துச் சோதித்துக் கொடுப்போம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கலாம். பிழை காட்டினால் அன்றே கடையில் மாற்றலாம்.

32 ஜிகாபைட் ஏன்? தொலைபேசியில் 1080 தரத்தில் எடுக்கும் காணொளி நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 மெகாபைட் பிடிக்கும். ஒரு மணித்தியாலக் கூத்துக்கு எட்டு ஜிகாபைட்டை நெருங்கும். 4கே தரம் இந்தச் செயற்றிட்டத்துக்குத் தேவையில்லை. இடத்தைத் தின்பதோடு வீட்டுக் கணினியையும் திணறடிக்கும். இன்னொன்று: இந்த அளவுப் பென்ட்ரைவ்கள் பெரும்பாலும் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஃபாட்32 என்ற முறையில் வருகின்றன. அதில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பைப் போட முடியாது. அரை மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் எடுத்த காணொளியை, இடம் இருந்தும், 'கோப்பு மிகப் பெரிது' என்று மறுக்கும். சோதிக்கும்போதே, பெரிய கோப்பையும் ஏற்கும் எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றித் தருவோம். அப்படி மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். வெறுமையாகக் கொண்டுவரச் சொல்வது அதற்காகவும்தான்.

இரண்டு ஏன் என்று கேட்பீர்கள். ஒன்று வெளியே போவதற்கு: பிரின்ட் எடுக்கும் கடை, ரியூசன், நண்பர் வீடு. மற்றது வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் மட்டும். பலரும் பாவிக்கும் கடைக் கணினிகளில் இருந்துதான் கோப்புறைகளை ஷோர்ட்கட் ஆக்கும் வைரஸ் அதிகம் வருகிறது. அப்படி ஆனால் அந்த ஷோர்ட்கட்டை அழுத்தவும் வேண்டாம், பென்ட்ரைவை ஃபோர்மட் செய்யவும் வேண்டாம். உண்மையான கோப்புகள் பெரும்பாலும் மறைந்து உள்ளேயே இருக்கும். ஆசிரியரிடம் கொடுத்தால் மீட்க முயலலாம். அவசரப்பட்டுக் கடையில் ஃபோர்மட் செய்வித்த பிறகுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள்.

வேலை செய்யும் முறையும் முக்கியம். பென்ட்ரைவுக்குள் இருக்கும் கோப்பை நேரடியாகத் திறந்து திருத்தக் கூடாது. சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் அல்லது இழுபட்டுக் கழன்றால் கோப்பு பழுதாகும்; மாரி காலத்தில் மின்தடை நமக்குப் புதிதல்ல. முதலில் முழுக் கோப்புறையையும் கணினிக்குப் பிரதி செய்து, அங்கே வேலை செய்து, முடிந்ததும் இரண்டு பென்ட்ரைவிலும் போட்டு, 'இஜெக்ட்' கொடுத்த பிறகே கழற்ற வேண்டும். முழுக் கோப்புறை என்பதைக் கவனியுங்கள். காணொளித் தொகுப்பு மென்பொருளின் செயற்றிட்டக் கோப்புக்குள் காணொளி இருப்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். அந்தச் சிறிய கோப்பை மட்டும் கொண்டுவந்தவர்களுக்குத் திரை வெறுமையாகத்தான் வந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கங்களும் அப்படித்தான்: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் மட்டும் பாவிக்கட்டும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும். 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்பினால் குறையாது.

மற்றப் பொருட்கள் சிலவே. நடுவில் உருட்டும் சில்லு உள்ள வயர் மவுஸ் ஒன்று. முப்பரிமாண உருவங்கள் அமைக்கும் பிளெண்டர் மென்பொருளில் காட்சியைத் திருப்ப நடுச் சில்லு வேண்டும். வயர் உள்ள ஹெட்போன் ஒன்று. புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வருவதால் மத்தளத்தையும் காலடியையும் சரியாகப் பொருத்த முடியாது. காட்சிகளின் வரிசையை முன்கூட்டியே படமாகத் திட்டமிடும் காட்சிப் பலகை வரைய ஏ4 தாள், 2பி பென்சில், எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று எழுத ஒரு சீ.ஆர். கொப்பி. கடன்பட்டோ நகையை அடகு வைத்தோ மடிக்கணினி வாங்க வேண்டாம். பாடசாலைக் கணினிகளும் கிம்ப், இங்க்ஸ்கேப், ஓடாசிட்டி, பிளெண்டர், கேடென்லைவ் ஆகிய இலவச மென்பொருட்களும் இந்த வேலைக்குப் போதும்.

இரண்டு விடயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. அடுத்த தவணை முதல், 'பென்ட்ரைவ் பழுதாகிவிட்டது' என்ற காரணத்துக்காக ஒப்படைத் திகதி நீடிக்கப்படாது. இரண்டு பிரதிகள் வைத்திருப்பது மாணவரின் பொறுப்பு. அடுத்தது, கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) மென்பொருள் உள்ள மடிக்கணினியைப் பாடசாலை வலையமைப்பில் இணைக்க அனுமதியில்லை. பெரும்பாலும் வைரஸ் காப்பை நிறுத்தச் சொல்லியே அவை நிறுவப்படுகின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்கள் அந்த வழியாகவும் நுழைகின்றன. ஒரு பிள்ளையின் கணினியால் வகுப்பின் உழைப்பு முழுவதும் அழிய விடமாட்டோம்.

இந்த நாட்களில் இரண்டு பென்ட்ரைவும் சில குடும்பங்களுக்குச் சுமை என்பதை அறிவோம். வாங்க முடியாதவர்கள் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பாடசாலையில் இருந்து இரவலாகத் தருவோம். பிள்ளையின் பெயர் எங்கும் வாசிக்கப்படாது. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்காகப் பாடசாலை விட்ட பின் கணினி அறை திறந்திருக்கும்.

வேலைக்குப் போகும் நேரத்திலும் கூட்டங்களுக்கு வந்து, கேட்ட உதவியெல்லாம் செய்யும் உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இந்த வகுப்பை ஆரம்பித்திருக்கவே முடியாது. புதிய தவணையின் முதல் வாரத்துக்குள் பென்ட்ரைவ்களைச் சோதனைக்கு அனுப்பிவையுங்கள்.

இங்ஙனம்,
அதிபர்
மட்டக்களப்பு