சென்னைக்குக் குடிவரும் தங்கைக்கு: வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பார்

அன்புள்ள செல்விக்கு,

உனக்குச் சோழிங்கநல்லூரில் வேலை, மாப்பிள்ளைக்குக் கிண்டிக்கு மாற்றல், மருமகளுக்கு ஜூனில் எல்கேஜி. மூன்றும் ஒரே நேரத்தில் கூடி வந்ததில் ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய பதினொரு வீடுகளின் படங்களையும் பொறுமையாகப் பார்த்தேன். சமையலறை எப்படி இருக்கிறது, ஹால் எத்தனை அடி, லிஃப்ட் உண்டா என்று எல்லாம் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பெய்த மழை எங்கே போகிறது என்பது மட்டும் ஒன்றில்கூட இல்லை. சென்னையில் குடிபோக ஏரியா தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த இரண்டைத்தான். மே மாதத் தண்ணீர் ஒன்று, நவம்பர் மாதத் தண்ணீர் ஒன்று.

முதலில் நவம்பர். தென்சென்னை தட்டையான பூமி. தாம்பரம், மேடவாக்கம், மடிப்பாக்கம் பக்கத்து ஏரிகள் நிறைந்து வழிந்தால் அந்த நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக, பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். புயல் நாளில் கடல் பொங்கி நின்றால் நீரை வாங்காது. அப்போது தெருவில் வந்த தண்ணீர் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் இதுதான் நடந்தது. 2015 டிசம்பர் வேறு மாதிரி. அப்போது பெருக்கெடுத்தது அடையாறு. முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றை ஒட்டிய இடங்களுக்குள் தண்ணீர் வேகமாகப் புகுந்தது. அதனால் ஒரு வருஷம் தப்பிய தெரு இன்னொரு வருஷம் தப்பும் என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

விசாரிக்கிற விதம் முக்கியம். 'இங்கே தண்ணி வருமா' என்று ஹவுஸ் ஓனரிடமோ புரோக்கரிடமோ கேட்டால் 'தெருவில் கொஞ்சம் நிக்கும், உடனே வடிஞ்சிடும்' என்றுதான் பதில் வரும். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம், டீக்கடையில், மளிகைக் கடையில் கேள். கேள்வியையும் மாற்றிக் கேள்: '2015-ல் எந்தப் படி வரைக்கும் வந்தது, 2023-ல் எத்தனை நாள் கரன்ட் இல்லை, பால் எங்கே போய் வாங்கினீர்கள்?' நடந்ததைக் கேட்டால் மனிதர்கள் நடந்ததைச் சொல்வார்கள்.

கண்ணாலும் பார்க்கலாம். காம்பவுண்ட் சுவரில், பெயின்ட் மங்கி ஒரே மட்டத்தில் ஒரு கோடு ஓடுகிறதா பார். புதிதாகக் கீழ்ப்பாதிக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தால் காரணம் கேள். மீட்டர் போர்டையும் தண்ணீர் மோட்டாரையும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள்? தெருவில் நாலைந்து வீட்டில் மோட்டாருக்கு இடுப்பளவு மேடை கட்டியிருந்தால் அந்தத் தெருவுக்கு அனுபவம் இருக்கிறது என்று பொருள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீடு ரோட்டைவிடத் தாழ்ந்து போயிருக்கிறது. வாசலிலிருந்து இறங்கி உள்ளே போகிற வீடு என்றால் வேண்டாம்.

'நாங்கள் இரண்டாவது மாடிதானே' என்று நீ சொல்லலாம். தண்ணீர் சேமிக்கும் தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் மூடியைப் போய்ப் பார். தரையோடு தரையாக இருந்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிற அன்று சாக்கடை அதற்குள் இறங்கிவிடும். பிறகு நாலாவது மாடிக்காரருக்கும் அதே தண்ணீர்தான். மூடி தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்ந்து, சுற்றிலும் சிமென்ட் கட்டு இருக்க வேண்டும். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பாதாளச் சாக்கடை இருக்கிறதா, செப்டிக் டேங்க்கா என்பதையும் கையோடு கேட்டுக்கொள்.

ஊர்ப் பெயரும் ஒரு சாட்சி. நம்மூரில் குளம் என்று சொல்வதை இந்தப் பக்கம் ஏரி என்பார்கள், சின்னதாக இருந்தால் தாங்கல். தெருப் பெயரில் ஏரிக்கரை, தாங்கல், மடுவு, ஓடை என்று வந்தால் அங்கே தண்ணீருக்குப் பழைய பாத்தியதை உண்டு. அதற்காக அந்தப் பெயருள்ள இடமெல்லாம் மூழ்கும் என்று அர்த்தமில்லை. கூடுதலாக நாலு கேள்வி கேட்க வேண்டிய இடம், அவ்வளவுதான்.

இனி மே மாதம். தாமிரபரணி குடித்து வளர்ந்தவளுக்கு இது புதிதாக இருக்கும். சென்னையில் ஒரு வீட்டுக்கு மூன்று வழியில் தண்ணீர் வரலாம்: மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத்தின் குழாய், ஆழ்துளைக் கிணறான போர், லாரி. ஓ.எம்.ஆர். பக்கத்துப் பல அடுக்குமாடிகளில் போர் தண்ணீர் உவர்ப்பு, பாதி வருஷம் லாரியை நம்பித்தான் ஓடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரிக்காகவே ஜனம் காத்துக் கிடந்தது. ஒரு கணக்கு வைத்துக்கொள். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. உங்கள் மூன்று பேருக்கு மாதம் ஏறக்குறைய 12,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவும் அதேதான். அதாவது போர் வற்றினால் உன் ஒரு வீட்டுக்கே மாதம் ஒரு லாரி. இருபது வீடு உள்ள கட்டடத்தில் போன மே, ஜூனில் எத்தனை லாரி வாங்கினார்கள், அந்தப் பணம் மெயின்டெனன்ஸில் அடக்கமா, தனியா என்று குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரியிடம் கணக்கு நோட்டையே காட்டச் சொல். வாடகை குறைவாகச் சொல்லும் வீட்டில் இந்த இடத்தில்தான் பணம் போகும்.

தண்ணீரின் தரத்துக்கு, அதில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வா. பேனா மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை தாங்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். குடிக்க எப்படியும் கேன் தண்ணீர் வாங்குவாய். ஆனால் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் குளிக்கிற தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கீஸரும் வாஷிங் மெஷினும் உப்புப் படிந்து சீக்கிரம் கெடும். மீட்டர் சொல்லாத ஒன்று இரும்பு. பாத்ரூம் குழாயின் கீழே டைல்ஸில் பழுப்பு வழிந்த தடம் இருந்தால் இரும்பு, குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் உப்பு. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தோல் தொழிற்சாலைகள் பல காலம் இருந்ததால் நிலத்தடி நீர் சில இடங்களில் கெட்டிருக்கிறது. அங்கே போர் தண்ணீரை மட்டும் நம்பும் வீடு வேண்டாம்.

அடுத்து போக்குவரத்து. கிண்டிக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவில் ஒரு இடம் பார்த்தால் இருவருக்கும் சமம் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருக்கிறாய். வரைபடத்தில் அது சரி. நடுவில் இருப்பது பெருங்குடி, கந்தன்சாவடி. காலையில் ஊரே தெற்கே போகிற ரோட்டில் நீயும் போக வேண்டியிருக்கும், மாலையில் ஊரோடு திரும்ப வேண்டியிருக்கும், மெட்ரோ வேலை வேறு நடக்கிறது. பெருங்குடி குப்பைக்கிடங்கின் வாடை காற்று திரும்பினால் வரும். சமமாகப் பிரிப்பதைவிட, பிள்ளையை க்ரஷ்ஷிலிருந்து (பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்) யார் கூட்டி வரப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கூட்டி வருகிறவருடைய அலுவலகத்துக்குப் பக்கமாக வீடு இருக்கட்டும். ஆறரைக்கு மூடும் க்ரஷ்ஷுக்கு ஏழு மணிக்கு ஓடி வருவது ஒரு நாள் நடந்தால் பரவாயில்லை, தினமும் நடந்தால் வேலையையே விடத் தோன்றும். இன்னொருவர் ரயிலிலோ நேர் பஸ்ஸிலோ போகும்படி இருந்தால் தூரம் கொஞ்சம் கூடினாலும் தாங்கலாம்.

கூட்டி வருவது மாப்பிள்ளை என்றால் நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் பாருங்கள். கிண்டி கூப்பிடு தூரம், மின்சார ரயிலும் மெட்ரோவும் உண்டு. நீ பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடு வழியாகப் போக வேண்டியிருக்கும், அது உனக்குக் கஷ்டம்தான். கூட்டி வருவது நீ என்றால் மேடவாக்கம். பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் பக்கம், மாப்பிள்ளைக்கு வேளச்சேரி வழியாகக் கிண்டிக்கு பஸ் கிடைக்கும். உங்கள் மூவருக்கும் என் மனதில் முதலில் நிற்பது மேடவாக்கம்தான். இரண்டு குறை உண்டு. அது மாநகராட்சிக்குள் இல்லை, ஊராட்சி. சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து குப்பை, தெருவிளக்கு புகார் சொல்ல முடியாது. பெரும்பாக்கம் ரோடு சதுப்புநிலத்தை ஒட்டி ஓடுவதால் கனமழை நாளில் நின்றுவிடும். அந்த நாள்களில் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று சேரும்போதே கேட்டு வை. திருவான்மியூரும் அருமையான இடம், பறக்கும் ரயில் உண்டு, கடற்காற்று வரும். வாடகைதான் கையைக் கடிக்கும். வேளச்சேரியில் ஏ.ஜி.எஸ். காலனி, ராம் நகர் போன்ற தாழ்வான பகுதிகளை விட்டுவிடு.

மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி வாடகையைக் கூட்டிக் கேட்பார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு ஒரு தடம், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு ஒரு தடம் என்று வேலை நடப்பது உண்மை. நீங்கள் 11 மாதத்துக்குத்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஓடாத ரயிலுக்கு வாடகை கொடுக்காதே.

மின்சாரம் பற்றி ஒரே ஒரு விஷயம். உன் போர்ஷனுக்குத் தனி இ.பி. மீட்டர் இருக்க வேண்டும், அட்டையில் உள்ள இணைப்பு எண்ணை வாங்கிக்கொள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும். ஓனர் வீட்டு மீட்டரோடு சேர்த்து சப்-மீட்டர் வைத்திருந்தால் அந்த இலவசம் உனக்குக் கிடைக்காது. இருவர் செலவும் கூடி மேல் விகிதத்துக்குப் போய்விடும்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பது இங்கே பழைய வழக்கம். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும், அதனால் எழுதும் முன்பே பேசு. ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருவார்கள். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். எவ்வளவு, எத்தனை வருஷம் இருந்தால் பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. குடிபோன அன்றே சுவர் விரிசல், குழாய் ஒழுக்கு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடு.

பள்ளிக்கூடத்தைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். பீஸ் கட்டிவிட்டால் அந்த ஏரியாவை விட்டு நகர முடியாது. வேன் ரூட்டில் முதல் ஆளாக ஏறும் பிள்ளை கடைசியாக இறங்கும்படி ஆகலாம். எத்தனை மணிக்கு ஏற்றுவார்கள் என்பதை டிரைவரிடமே கேள்.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வராதே. அன்று ரோடு காலி, எல்லா இடமும் பக்கமாகத் தெரியும். செவ்வாய், புதன் என்று இரண்டு நாள் லீவு போடுங்கள். காலை எட்டரைக்குப் பிடித்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, நீ உன் ஆபீஸ் கேட் வரைக்கும், மாப்பிள்ளை கிண்டி வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். மாலை ஆறரைக்கு அதே வழியில் திரும்புங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை ஒரு தடவை நட, தெருவிளக்கு எரிகிறதா, டாஸ்மாக் எங்கே இருக்கிறது, நாய்த்தொல்லை உண்டா என்று தெரிந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு மேல்மாடி வீட்டின் மேற்குச் சுவரில் உள்பக்கம் கையை வைத்துப் பார், வெயில் சூடு எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும்.

வரும்போது டி.டி.எஸ். மீட்டரோடு ஒரு அளவு டேப்பும் எடுத்து வா, உங்கள் பீரோவும் கட்டிலும் படிக்கட்டில் திரும்புமா பார்க்கணும். பஸ்ஸில் வந்தால் தெற்கத்தி பஸ்ஸெல்லாம் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும், கோயம்பேடு வராது. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிடு. எழும்பூர் வரை வர வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து மேடவாக்கத்துக்கு பஸ் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்